மூடிய கோப்பிலிருந்து ஒரு விலை: ஆறு வரிகளுக்கு உரை

மொத்த வியாபாரக் கடையொன்று மாதத்துக்கு ஒரு விலைப்பட்டியலை எக்ஸெல் கோப்பாக வைத்திருக்கிறது என்று கொள்வோம். பில் போடுகிறவர் தன் ஷீட்டில் பொருளின் குறியீட்டைத் தட்டியதும், அந்த மாதக் கோப்பைத் திறக்காமலேயே விலை வந்து விழ வேண்டும். கோப்பின் பெயர் மாறாது என்றால் விலுக்கப் போதும்; கோப்பு மூடியிருந்தாலும் அது விலையை எடுத்துத் தந்துவிடும். பெயர் மாதந்தோறும் மாறும்போதுதான் சிக்கல். மாதத்தை ஒரு செல்லில் வைத்து, இன்டைரக்ட் கொண்டு முகவரியைக் கோத்தால், கோப்பு திறந்திருக்கும்வரை விலை வரும். மூடிவிட்டால் அடுத்த கணக்கீட்டில் #ரெஃப்! என்று நிற்கும். அந்த இடைவெளியை அடைக்க எழுதியது இந்தக் கஸ்டம் பங்ஷன். படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். விபிஏ எடிட்டரில் இதே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

பங்ஷன் விலைஎடு(கோப்பு, குறியீடு)

முழுப் பாதையோடு கோப்பின் பெயர் ஒன்று, தேட வேண்டிய குறியீடு ஒன்று. செல்லில் =விலைஎடு("எஸ்:\விலை\"&பி1&".எக்ஸ்எல்எஸ்எக்ஸ்", ஏ2) என்று எழுதினால், பி1-இல் மாதத்தை மாற்றியதும் கோப்பும் மாறிவிடும்.

பலரும் இதன் அடுத்த வரியாக ‘ஒர்க்புக்ஸ்.ஓப்பன்’ என்று எழுதிவிட்டுத் திகைக்கிறார்கள். செல்லிலிருந்து அழைக்கப்படும் பங்ஷனுக்கு ஒரு மதிப்பைத் திருப்பித் தர மட்டுமே எக்ஸெல் அனுமதி தருகிறது. வேறு செல்லில் எழுதவோ, இன்னொரு கோப்பைத் திறக்கவோ விடாது. மேக்ரோவாக ஓட்டும்போது ஒழுங்காக வேலை செய்யும் அதே வரி, செல்லிலிருந்து அழைத்தால் கோப்பைத் திறப்பதில்லை.

செட் இணைப்பு = கிரியேட்ஆப்ஜெக்ட்("ஏடிஓடிபி.கனெக்ஷன்")

அதனால்தான் இந்தச் சுற்றுவழி. ஏடிஓ, கோப்பை ஒர்க்புக்காகத் திறக்காமல் ஒரு டேட்டாபேஸாகப் படிக்கிறது. கிரியேட்ஆப்ஜெக்ட் என்று எழுதியதில் ஒரு சௌகரியமும் உண்டு: ஒவ்வொரு கணினியிலும் ரெஃபரன்ஸ் பட்டியலில் போய் டிக் போட வேண்டாம்.

இணைப்பு.ஓப்பன் "புரொவைடர்=மைக்ரோசாஃப்ட்.ஏஸ்.ஓஎல்இடிபி.12.0;டேட்டா சோர்ஸ்=" & கோப்பு & ";எக்ஸ்டெண்டட் புராப்பர்ட்டீஸ்='எக்ஸெல் 12.0 எக்ஸ்எம்எல்;ஹெச்டிஆர்=எஸ்;ஐஎம்இஎக்ஸ்=1'"

பங்ஷனின் உயிர்நிலை இந்த வரி. தவறுகள் அதிகம் ஒளிந்திருப்பதும் இங்கேதான்.

ஏஸ் என்பது 2007 ஆஃபிஸோடு வந்த இயக்கி. அதற்கு முந்தைய ஜெட் 4.0-க்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு படிக்கத் தெரியாது. ஆஃபிஸ் 64 பிட் என்றால் ஏஸும் 64 பிட்டாக இருக்க வேண்டும். திறப்பதற்கே பாஸ்வேர்டு கேட்கும் கோப்பை இந்த வழியில் படிக்க முடியாது. ‘ஹெச்டிஆர்=எஸ்’ என்றால் முதல் வரிசை தலைப்பு.

இனி ஐஎம்இஎக்ஸ். எக்ஸெலில் ஒவ்வொரு செல்லும் தன் இஷ்டத்துக்கு எண்ணாகவோ எழுத்தாகவோ இருக்கலாம். டேட்டாபேஸுக்கோ ஒரு நெடுவரிசை முழுவதும் ஒரே வகையாக இருந்தாக வேண்டும். எந்த வகை என்பதை ஏஸ் வழக்கமாக முதல் 8 வரிசைகளை மட்டும் பார்த்து முடிவு செய்கிறது. ஐஎம்இஎக்ஸ்=1 என்றால், அந்த எட்டில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் எல்லாவற்றையும் எழுத்தாகப் படிக்கும். ஆனால் எட்டும் எண்ணாகவே இருந்துவிட்டால்?

பட்டியலில் 1001 முதல் 1040 வரை குறியீடுகள் வெறும் எண்கள். அதற்குப் பின் 1041ஏ, 1041பி என்று வருகின்றன. முதல் எட்டையும் பார்த்த ஏஸ், இது எண் நெடுவரிசை என்று தீர்மானித்துவிடும். 1041ஏ அதன் கண்ணுக்கு வெற்றிடம். போதாததற்கு, நாம் அடுத்த வரியில் மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் குறியீட்டைத் தருவதால் வகை பொருந்தவில்லை என்ற பிழை எழுந்து, கண்ணெதிரே பட்டியலில் இருக்கும் 1001-க்குக்கூட செல்லில் #வேல்யூ! வரும். இது தலைகீழாகவும் நடக்கும். விலை நெடுவரிசையின் மேல்பகுதியில் யாராவது ‘கேட்டுச் சொல்லவும்’ என்று எழுதி வைத்திருந்தால் எல்லா விலைகளும் எழுத்தாக வந்து சேரும். சம் போட்டால் கூட்டலில் சேராது.

பட்டியல் தயாரிப்பவர் குறியீடுகளை முதலிலேயே டெக்ஸ்ட்டாகத் தட்டிவிடுவதே நிரந்தரத் தீர்வு. அது நம் கையில் இல்லையென்றால் ‘ஹெச்டிஆர்=நோ’ என்று மாற்றலாம். தலைப்புச் சொல்லும் அந்த எட்டில் ஒன்றாகிவிடுவதால் நெடுவரிசை எழுத்தாகவே படிக்கப்படும். அப்போது நெடுவரிசைகளின் பெயர் எஃப்1, எஃப்2 என்றாகும். விலையை வால் போட்டு எண்ணாக்கிக்கொள்ள வேண்டும்.

செட் பதில் = இணைப்பு.எக்ஸிக்யூட்("செலக்ட் [விலை] ஃப்ரம் [பட்டியல்$] வேர் [குறியீடு]='" & குறியீடு & "'")

தேடல் நடப்பது இங்கே. ஷீட்டின் பெயருக்குப் பின் டாலர் குறி கட்டாயம். குறி இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒரு நேம்டு ரேஞ்ச் இருக்கிறதா என்று பார்க்கும். விலுக்கப்பைப் போலக் குறியீடு இடதுபக்கம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இஃப் பதில்.இஓஎஃப் தென் விலைஎடு = சிவிஎர்(எக்ஸ்எல்எர்என்ஏ) எல்ஸ் விலைஎடு = பதில்(0)

குறியீடு கிடைக்காவிட்டால் #என்/ஏ. இந்த இடத்தில் 0 தருகிற பங்ஷன்கள் உலவுகின்றன, அது ஆபத்து. பூஜ்ய விலை பில்லின் கூட்டுத்தொகையில் ஓசையில்லாமல் கரைந்துவிடும், #என்/ஏ கூட்டுத்தொகையையே நிறுத்தி வைக்கும். விலை செல் காலியாக இருந்தால் நல் வரும். அதையும் இஸ்நல் கொண்டு பிடித்து #என்/ஏ ஆக்குவது நல்லது.

இணைப்பு.குளோஸ் : எண்ட் பங்ஷன்

ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக இணைப்பைத் திறந்து மூடுகிறது. சில பத்து வரிசைகளுக்கு இது போதும். ஆயிரக்கணக்கில் என்றால் இதை விட்டுவிட்டு, எக்ஸெல் 2016 முதல் உள்ளேயே இருக்கும் பவர் குவெரி மூலம் பட்டியலையே இறக்கிக்கொண்டு அதில் தேடுங்கள்.

மூலத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏடிஓ படிப்பது கடைசியாக சேவ் செய்த மதிப்பை. மூடிய கோப்பு எதையும் கணக்கிடாது. அதில் டுடே வைத்துத் தள்ளுபடி போட்டிருந்தால், நமக்குக் கிடைப்பது சேவ் செய்த நாளின் தள்ளுபடி. விலைப்பட்டியலை யாராவது திருத்தி சேவ் செய்தாலும் நம் செல்லுக்குத் தெரியாது. அதன் உள்ளீடுகளான கோப்புப் பெயரும் குறியீடும் மாறாதவரை எக்ஸெல் பங்ஷனை மறுபடி அழைப்பதில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் எல்லாம் புதிதாக ஓடும். பழைய விலை பிழைச்செய்தி எதுவும் இல்லாமல், சரியான விலையின் தோற்றத்திலேயே நிற்கும் என்பதால் இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

ஆகவே விலைஎடு போடும் ஷீட்டில் இரண்டாவதாக ஒரு சிறு பங்ஷனும் இருக்கட்டும்: ‘விலைநாள் = ஃபைல்டேட்டைம்(கோப்பு)’. கோப்பு கடைசியாக மாறிய நாளையும் நேரத்தையும், கோப்பைத் திறக்காமலே தரும். செல்லின் ஃபார்மேட்டைத் தேதியாக்கி, பில்லின் தலைப்பில், மாதம் எழுதிய பி1-க்குப் பக்கத்திலேயே அதை வையுங்கள். இதுவும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அதே மூன்று விசைகளை அழுத்தும்போது விலையோடு சேர்ந்து மாறும்.