சட்டைப்பையில் ஒரு முனையம்



கணினி வேறு, அதனோடு பேசும் கருவி வேறு என்றிருந்த காலம் ஒன்றுண்டு. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு கணினி நிற்கும். கம்பியால் அதனுடன் பிணைக்கப்பட்ட விசைப்பலகையும் திரையும் வேறெங்கோ ஒரு மேசைமீதிருக்கும். கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தனுப்பினால் மறுமொழியும் எழுத்தாகவே வந்து சேரும். தூது போவதையே தொழிலாகக் கொண்ட அக்கருவிக்கு முனையம் என்று பெயர். அமெரிக்காவின் டிஜிற்றல் நிறுவனம் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.ரி. 100 என்னும் முனையம் வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகளைக் காட்டிற்று. பின்வந்த முனையங்கள் பலவற்றுக்கு அந்த அளவே இலக்கணமாயிற்று.

இந்த முனையம் சட்டைப்பைக்குள் புகுந்த கதையையே இன்று சொல்ல விழைகின்றேன். அது பெரிதும் பின்லாந்து தேசத்தின் கதை.

1991 இல், ஹெல்சிங்கி நகரத்து மாணவரான லீனஸ் தோர்வால்ட்ஸ், தம் வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழகக் கணினியோடு பேசவேண்டி, முனையம்போல நடிக்கும் நிரல் ஒன்றை எழுதினார். 386 என்னும் சில்லைக் கொண்ட அவருடைய சொந்தக் கணினியில் அந்நிரல் வளர்ந்து வளர்ந்து, ஈற்றில் லினக்ஸ் என்னும் இயங்குதளமாயிற்று. திண்ணை கட்டப் போனவர் மாளிகையையே கட்டிவிட்டார் எனலாம்.

ஆயின், தொலைவிலிருந்து கணினியோடு பேசுவதில் ஒரு பேராபத்து இருந்தது. ரெல்நெற் என்னும் பழைய முறையிற் கடவுச்சொல் மறைப்பின்றியே வலையமைப்பிற் சென்றது. இடையிலிருந்து ஒற்றுக்கேட்பவன் அதனைத் திருடிக்கொள்ளலாம். ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அவ்வாறே களவு நிகழ்ந்தபோது, அங்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தாத்து யுலோனென் என்பார், 1995 இல், செய்தி முழுவதையும் மறைபொருளாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை ஆக்கி, யாவரும் இலவசமாகப் பெறுமாறு வெளியிட்டார். உலகெங்கும் கணினி காப்போர் இன்றும் அம்முறையையே நம்பியிருக்கின்றனர்.

அடுத்த ஆண்டிலேயே நொக்கியா நிறுவனம் 9000 கொம்யூனிகேற்றர் என்னும் தொலைபேசியை விற்பனைக்குக் கொணர்ந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடுபோலத் திறந்தால் உள்ளே நீண்ட திரையும் முழுமையான விசைப்பலகையும் காணப்படும். தோர்வால்ட்ஸின் மேசையிலிருந்த அதே 386 குடும்பச் சில்லே அதன் உள்ளேயும் இருந்தது! எனினும் நிறை ஏறக்குறைய 400 கிராம், சட்டைப்பை தாங்காது.

பையும் தாங்கி, பணியும் செய்யத்தக்க கருவி 2009 இன் பிற்பகுதியில் வந்தது. நொக்கியா என்.900 என்பது அதன் பெயர். திரையை மேலே தள்ளினால் அடியிலிருந்து மூன்று வரிசை விசைகள் வெளிப்படும். அதன் இயங்குதளமோ லினக்ஸின் வழிவந்த மேமோ. முனைய நிரலொன்று வாங்கும்போதே அதிலிருந்தது. திரையின் அகலம் 800 புள்ளிகள். ஆகவே பழைய 80 எழுத்துக்கும் தலைக்குப் பத்துப் புள்ளி கிடைத்தது. கட்டளை கொடுப்போர்க்கு இன்றியமையாத கொன்ரோல் விசையும் பலகையில் இடம்பெற்றது. எஸ்கேப் விசைக்கு மட்டும் இடமில்லை. அதனைத் திரையிலேதான் தொட வேண்டும். இக்குறையைப் பயன்படுத்தியோர் எளிதில் மன்னித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கின்றேன்.

நள்ளிரவில், புகைவண்டிப் பயணத்தினிடையே, தன் பொறுப்பிலுள்ள கணினி நின்றுவிட்டது என்று கேள்விப்படும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பையிலிருந்து இக்கருவியை எடுத்து, எஸ்.எஸ்.எச். வழியாக உட்புகுந்து, நான்கு வரிக் கட்டளையால் அதனை எழுப்பிவிடலாம். அக்கட்டளையில் ஒரு புள்ளி பிசகினாலும் வேறொன்று அழிந்துபோகும். விசை இருந்தால் விரல் அதன் விளிம்பைத் தடவி அறியும். கண் திரையைவிட்டு அகலாது. கந்தோர்களிலே பழைய தட்டச்சாளர்கள் கண்ணைத் தாளிலும் விரலை விசையிலும் வைத்திருந்த திறமையை நினைவுகூர்வோர்க்கு இது விளங்கும். வழுவழுப்பான கண்ணாடியிலோ விளிம்பென்பதே இல்லை. அன்றியும், அதில் எழும் விசைப்பலகை திரையிற் பெரும்பகுதியை விழுங்கிவிட, 24 வரி காட்டவேண்டிய இடத்திற் சில வரிகளே மிஞ்சும்.

இருந்தும் கண்ணாடியே வென்றது. 2007 இல் ஐபோனை அறிமுகஞ் செய்த ஸ்ரீவ் ஜொப்ஸ், தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் விசைகள் எதற்கு என்று வினவினார். படம் பார்ப்போர்க்கு அது நியாயமான வினாவே, எழுதுவோர்க்கு அன்று. 2011 பெப்ரவரியில் நொக்கியா மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் இயங்குதளத்தைத் தழுவியது. அவ்வாண்டே ஆக்கப்பட்ட, விசைப்பலகையுடைய என்.950 நிரலாளர் கைக்கு மட்டும் சென்றது, கடைக்கு வரவேயில்லை.

1997 இல், இங்கிலாந்தின் சயன் நிறுவனத்துக்காக, தொடர் 5 என்னும் கைக்கணினியின் விசைப்பலகையை வடிவமைத்தவர் மார்ட்டின் ரிடிபோர்ட். இருபதாண்டு கழித்து இலண்டனில் ஒரு சிறு நிறுவனம் ஜெமினி என்னும் விசைத் தொலைபேசியைச் செய்யப் புகுந்தபோது அவரையே நாடிற்று. 2018 இல் அது வெளிவந்தது; விரும்பினால் அதில் லினக்ஸையும் ஏற்றிக்கொள்ளலாம்.