பத்து தோட்டா இடத்தில் ஒரு மரக்கட்டை

பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கிறவங்களோட வீடியோக்களை ராத்திரியில் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. போன வாரம் ஒரு அமெரிக்கர் லீ-என்ஃபீல்ட் ஒன்றைக் கழற்றினார். ஹூக்ளி கரையில் இருக்கிற இஷாப்பூர் தொழிற்சாலையில் மாற்றியமைத்தது. மேகஸினுக்குள்ளே ஒரு மரக்கட்டை!

லீ-என்ஃபீல்டோட பெருமையே அந்த 10 தோட்டா மேகஸின்தான். போல்ட்டை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ரெடி. 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் டயரின் சிப்பாய்கள் 1,650 தோட்டாக்களைச் சுட்டது இந்த வகை .303 ரைஃபிள்களில்தான்.

அதை ஏன் கெடுக்கணும்? போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுக்கத்தான். குழலை .410 அளவுக்கு அகலமாக்கி, உள்ளே இருந்த ரைஃபிளிங்கை எடுத்து, கட்டையை வைத்து, ஒற்றைத் தோட்டா மஸ்கட் ஆக்கிட்டாங்க. .303 உறையின் கழுத்தைக் குறுக்காமல் விட்ட தனித் தோட்டா அதுக்கு. ராணுவக் கிடங்கில் திருடிய .303-ஐப் போட்டால், அந்த அகலக் குழலில் குண்டுக்குப் பிடிமானமே இருக்காது. எங்க தொழில் பாஷையில், வேணும்னே உடைத்த கம்பாட்டிபிலிட்டி. காவலுக்கு நிறுத்திய இந்தியனையே வெள்ளைக்காரன் நம்பலை.

அந்தத் தோட்டா இப்போ கடையில் கிடைக்காது. பழைய .303 உறைகளைத் திருத்தி அவரே செய்து, ஒவ்வொண்ணாகக் கையால் போட்டுச் சுட்டார். உதை கம்மி, ஜாலியா இருக்குன்னு சிரித்தார்.

நான் அந்தக் கான்ஸ்டபிளை நினைத்தேன். ஒரே தோட்டாவோடு கூட்டத்துக்கு முன்னாடி நின்றவரை. கூட்டத்தில் நின்றவங்களையும்.