டெட்ராய்ட் பாடமும் லுசாகா பாடமும்

செப்சிஸ் பற்றி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வகுப்பெடுக்கப் போகும்போது நான் முதலில் காட்டும் ஸ்லைடில் மருந்தின் பெயர் எதுவும் இருக்காது. டெட்ராய்ட் என்று ஓர் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். என் வயதுக்காரர்கள் ஐ.சி.யூ.வில் கற்ற பாதிப் பாடம் அந்த ஊரிலிருந்து வந்தது. பிறகு மறக்க வேண்டியிருந்த பாடத்திலும் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

அங்கே ஹென்றி ஃபோர்ட் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் இமானுவேல் ரிவர்ஸ் என்ற டாக்டர் வேலை பார்த்தார். உடம்பில் எங்கோ தொடங்கிய தொற்றுக்கு உடம்பே கட்டுக்கடங்காமல் எதிர்வினை காட்டி, சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று ஒவ்வொன்றாகச் செயலிழந்து, ரத்த அழுத்தமும் சரியும் நிலைதான் கடுமையான செப்சிஸ். ஐ.சி.யூ.வில் படுக்கை கிடைத்த பிறகுதான் இதற்கு முழு சிகிச்சை தொடங்கும் என்பது அன்றைய வழக்கம். படுக்கை கிடைக்கும்வரை நோயாளி கீழே ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார். ரிவர்ஸ் அந்தக் காத்திருப்பைத்தான் கையில் எடுத்தார். நோயாளி வாசலுக்கு வந்த முதல் 6 மணி நேரத்திலேயே கழுத்து வழியாகப் பெரிய ரத்தநாளத்தில் குழாய் செலுத்தி, அதன் அழுத்தத்தையும் அந்த ரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் பார்த்து, சலைன், பி.பி.யை ஏற்றும் மருந்து, தேவைப்பட்டால் ரத்தம் என்று படிப்படியாகக் கொடுத்தார். மொத்தம் 263 நோயாளிகள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46.5 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். இவருடைய முறையில் 30.5 சதவீதம். 2001 நவம்பரில் கட்டுரை வெளியானபோது எங்களுக்கெல்லாம் மூச்சு நின்றது. தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களைக் கைநழுவிப் போகிறவர்களாகவே பார்த்துப் பழகியிருந்தோம். அவர்களில் ஆறு பேருக்கு ஒருவரை, புது மருந்து இல்லாமல் வெறும் நேரத்தைக் கொண்டே மீட்கலாம் என்றது அந்தக் கணக்கு.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 1991-இல், அமெரிக்காவின் நெஞ்சக மருத்துவர் சங்கமும் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கமும் கூடி, ரோஜர் போன் தலைமையில் செப்சிஸுக்கு ஒரு பொது வரையறை வகுத்திருந்தன. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, வெள்ளை அணுக்கள் என்று நான்கு அளவுகள். இவற்றில் இரண்டு பிசகி, கூடவே தொற்றும் இருந்தால் செப்சிஸ். சாதாரண வைரஸ் காய்ச்சல்காரர்கூட இந்த வலையில் சிக்கிவிடுவார் என்ற குறை அதற்கு இருந்தது. ஆனாலும் ஊருக்கு ஊர் ஒரே நோயைத்தான் பேசுகிறோம் என்ற நிலை வந்ததால்தான் பாடம் நடத்தவே முடிந்தது.

2002 அக்டோபரில் பார்சிலோனாவில் ஓர் அறைகூவல் பிறந்தது. ஐந்து வருடத்துக்குள் செப்சிஸ் மரணங்களை 25 சதவீதம் குறைப்போம் என்று தீவிர சிகிச்சைச் சங்கங்கள் சேர்ந்து அறிவித்தன. 2004-இல் முதல் வழிகாட்டுதல் வந்தது. அதைச் சுருக்கி, லாக்டேட் பார், ஆன்டிபயாட்டிக் போடும் முன் பிளட் கல்ச்சர் எடு, தாமதிக்காமல் ஆன்டிபயாட்டிக் போடு, சலைன் கொடு என்று ஒரு கட்டாக்கி, வார்டு சுவரில் ஒட்டும்படி செய்தார்கள்.

இந்த இயக்கத்தின் தொடக்க காலத்துக்குப் பெரும் பணம் கொடுத்தது எலி லில்லி நிறுவனம். கடுமையான செப்சிஸுக்கென்று 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸைக்ரிஸ் அவர்களுடைய மருந்து. வழிகாட்டுதலில் அந்த மருந்துக்கும் இடம் கிடைத்தது. 2006-இல் மூன்று அமெரிக்க ஆராய்ச்சி மருத்துவர்கள் இந்தத் தொடர்பை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்கள். 2011-இல் புதிய ஆய்வொன்றில் அந்த மருந்தால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று தெரிந்ததும், நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மருந்துக் கம்பெனி பேனர் கட்டிய ஹாலில் நான் செப்சிஸ் வகுப்பு எடுப்பதில்லை. சாப்பாடு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக் கருத்தரங்கக் கூடமே போதும். கற்பிப்பவரின் ஸ்லைடுக்குப் பணம் கொடுத்தது யார் என்பது கேட்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கற்பித்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்று துணிந்து அளந்து பார்த்தவர்கள் ஸ்பெயின் டாக்டர்கள். வகுப்பு நடத்துகிற ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஆய்வு அது. 2005-ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதம் நாடு முழுக்க 59 ஐ.சி.யூ.க்களில் செப்சிஸ் நோயாளிகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு மாதம் அவசர சிகிச்சைப் பிரிவு, வார்டு, ஐ.சி.யூ. என்று எல்லா இடத்திலும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வகுப்பு நடத்தினார்கள். அதன்பின் மறுபடி அளந்தார்கள். முதல் 6 மணி நேரக் கட்டை முழுவதும் செய்து முடித்தவர்கள் 5.3 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானார்கள். மரணம் 44 சதவீதத்திலிருந்து 39.7 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு நான்கு உயிருக்கும் மேல். இரண்டு மாத வகுப்புக்கு இதைவிடப் பெரிய சம்பளம் கிடையாது.

ஆனால் அவர்கள் அத்தோடு நிற்காமல், ஒரு வருடம் கழித்து 23 இடங்களில் மூன்றாம் முறையும் அளந்தார்கள். மரண விகிதம் குறைந்தபடியே இருந்தது. அடுத்தகட்ட சிகிச்சையிலும் முன்னேற்றம் நிலைத்தது. முதல் 6 மணி நேரக் கட்டு மட்டும் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. எது மிக அவசரமோ அதுதான் முதலில் மறந்துபோயிற்று. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிப்படி ஒரு டாக்டர் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். ஒரே வருடத்தில் கரைந்துபோகிற பாடத்துக்கு ஐந்து வருடக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கியதில்லை.

மறந்துபோவது ஒரு பக்கம். மறக்க வேண்டியதை மறக்காமல் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு பக்கம். 2001-இல் பெல்ஜியத்தின் லூவனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ரத்த சர்க்கரையை இன்சுலின் கொடுத்து 80-க்கும் 110-க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தால் உயிர் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்றது. உலகமே இறுக்கிப் பிடித்தது. 2009-இல் 6,000-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வில், அப்படி இறுக்கியவர்களில்தான் மரணம் அதிகம் என்று தெரிந்தது. இப்போது 180-க்குள் இருந்தால் போதும் என்கிறோம்.

டெட்ராய்ட் முறையையும் 2014, 2015-இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று மூன்று பெரிய ஆய்வுகள் சோதித்தன. கழுத்துக் குழாயும் ஆக்சிஜன் அளவும் தனியாக எந்தப் பலனும் தரவில்லை. இதைக் கேட்டு ரிவர்ஸ் தவறு செய்துவிட்டார் என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஆய்வுகளில் சாதாரண சிகிச்சை பெற்றவர்களும் சீக்கிரமே கண்டறியப்பட்டு, சீக்கிரமே ஆன்டிபயாட்டிக்கும் சலைனும் பெற்றிருந்தார்கள். பதின்மூன்று வருடத்தில் அவருடைய பாடம் சாதாரண சிகிச்சைக்குள்ளேயே கலந்துபோயிருந்தது.

ஒரு வகுப்பில் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் எழுந்து கேட்டார்: "சார், முன்னாடி சலைனை வேகமா ஓட்டுங்கன்னு சொல்லிக்கொடுத்தாங்க. இப்ப பார்த்து ஓட்டுங்கன்னு சொல்றீங்க. நாங்க எதை எடுத்துக்கிறது?" அவருக்குப் பதில் சொல்ல ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கேத்ரின் மெய்ட்லாண்ட் குழு, காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளைக் கவனித்தது. 2011-இல் முடிவு வந்தது. வேகமாக சலைனோ ஆல்புமினோ ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். வேகமாக ஏற்றாதவர்களில் 7.3. பிறகு ஜாம்பியாவின் லுசாகாவில் பெரியவர்களிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. கட்டு முறையில் முன்கூட்டியே சலைன் ஏற்றியவர்களில் 48.1 சதவீதம் பேர் இறந்தார்கள். அங்குள்ள வழக்கமான சிகிச்சையில் 33 சதவீதம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் வென்டிலேட்டரில் போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்கிற ஊரில் எழுதிய பாடம், வென்டிலேட்டர் எளிதில் கிடைக்காத ஊருக்கு அப்படியே போனது.

அந்த நர்ஸிடம் இதைச் சொல்லிவிட்டு, நம் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு டெட்ராய்டைவிட லுசாகாதான் பக்கத்து ஊர் என்றேன். கொஞ்சம் ஏற்றுங்கள், ஏற்றியதும் மூச்சைப் பாருங்கள், அதன் பிறகு அடுத்ததைத் தீர்மானியுங்கள். கிலோவுக்கு 30 மி.லி. என்ற சர்வதேச அளவையே 2021 வழிகாட்டுதல், உறுதியான பரிந்துரை என்ற நிலையிலிருந்து இறக்கி, பலவீனமான பரிந்துரையாக வைத்தது.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் பாடம் இந்த அளவுக்கு மாறவில்லை. 2012-இல் நியூயார்க்கில் ரோரி ஸ்டாண்டன் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளியில் பந்து விளையாடும்போது கையைச் சிராய்த்துக்கொண்டான். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, சில நாட்களில் செப்சிஸால் இறந்தான். பெற்றோர் ஓயவில்லை. அடுத்த வருடமே, எல்லா ஆஸ்பத்திரியும் செப்சிஸைக் கண்டறியவும் சிகிச்சை தரவும் எழுதிய நடைமுறை வைத்திருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று அந்த மாநிலம் விதி கொண்டுவந்தது. அந்த விதியால் சேர்ந்த 49,331 நோயாளிகளின் விவரம் 2017-இல் வெளியானது. ஆன்டிபயாட்டிக் தாமதமான ஒவ்வொரு மணி நேரமும் மரண வாய்ப்பைக் கூட்டியது. சலைன் ஏற்றி முடிக்கும் நேரத்துக்கு அப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

ஆனால் எந்த ஆன்டிபயாட்டிக்? இந்தக் கேள்வியில்தான் வெளிநாட்டு ஸ்லைடுகள் நம்மைக் கைவிடுகின்றன. தமிழ்நாட்டில் மழை தொடங்கிய பிறகு செப்சிஸ் போலவே வருகிறவர்களில் பலருக்கு இருப்பது ஸ்க்ரப் டைஃபஸ். புல், புதரில் இருக்கும் சிற்றுண்ணிக் குஞ்சு கடித்துப் பரவுவது. நான்கு அளவும் பிசகியிருக்கும், பி.பி. சரிந்திருக்கும், நுரையீரல் கெட்டிருக்கும். மணிக்கணக்குப் பார்த்து மெரோபெனம் போட்டாலும் அந்தக் கிருமி அசையாது. அதற்கு டாக்ஸிசைக்ளின் வேண்டும், அல்லது அசித்ரோமைசின். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்புத் துணி இறுக்கும் இடம் என்று துணியை விலக்கிப் பார்த்தால், சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க விளக்கு வெளிச்சமும் கூச்சப்படாத ஒரு நர்ஸும் போதும். எங்கள் பக்கம் இதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நர்ஸ்கள்தான். நோயாளியைத் துடைத்துவிடுவது அவர்கள். எனவே அவர்கள் வராத செப்சிஸ் வகுப்பை நான் ஒத்துக்கொள்வதில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய ஆஸ்பத்திரிகள் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட ஏழாம் நாளில் சிக்கல்கள் மிஞ்சியிருப்பது குறைகிறது. மரணத்தை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் வகுப்பில் சொல்கிறேன். முன்பு வகுப்புக்கு வந்தவர்களையும் விடாமல், ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எல்லாரையும் திரும்ப அழைத்து, முதல் 6 மணி நேரத்தைப் புதிதாகத் தொடங்குவது போலவே தொடங்குகிறோம்.