மல்லேஸ்வரம் முதல் நம்ம கிளினிக் வரை: பெங்களூருவில் நலவாழ்வு இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகள்

பெங்களூரு: மல்லேஸ்வரத்தின் அகலமான சாலைகளும், வீடுகளின் பின்புறம் செல்லும் துப்புரவுச் சந்துகளும் நோய்க்கு அஞ்சி அமைக்கப்பட்டவை. இப்பகுதியை உருவாக்கும் திட்டம் முன்னரே இருந்தபோதிலும், 1898 ஆகஸ்டில் நகரில் பிளேக் பரவிய பின்னரே குடியேற்றம் வேகம் பெற்றது. அப்போது மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான கே. சேஷாத்ரி ஐயர். பழைய பேட்டையின் நெரிசலைக் குறைக்க மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகியவை காற்றோட்டமான குடியிருப்புகளாக எழுந்தன.

எலிகளின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகளே பிளேக்கைப் பரப்புகின்றன என்று பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சீமோன் கராச்சியில் கண்டறிந்ததும் அதே 1898-இல்தான். அக்கருத்து ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கிடையே பெங்களூருவிலும் கோவையிலும் மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர்.

மல்லேஸ்வரத்தின் மனைகள் சமுதாய வாரியாகப் பகுதி பிரித்து ஒதுக்கப்பட்டன. நோய்த்தடுப்பின் பயன், மனை வாங்க வசதி படைத்தோரையே முதலில் அடைந்தது. வசதியற்றோர் பேட்டையின் நெரிசலிலேயே தங்கினர்.

அந்த இடைவெளியை இன்றும் நடந்து செல்லும் தொலைவிலேயே காணலாம். மல்லேஸ்வரத்தில் நூற்றாண்டு கடந்த கே.சி. பொது மருத்துவமனை உள்ளது. அருகிலுள்ள ஸ்ரீராமபுரத்தில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் பல குறுகிய சந்துகளில் வசிக்கின்றன. காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கும் பெரிய மருத்துவமனை வரிசையில் நிற்பதென்றால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

இதற்கு விடையாகவே கர்நாடக அரசு 'நம்ம கிளினிக்' திட்டத்தைக் கொண்டு வந்தது. அனுமதிக்கப்பட்ட 438 கிளினிக்குகளில் 243 பெங்களூருவுக்கு உரியவை. வார்டுக்கு ஒன்று என்பது அன்றைய கணக்கு. 2022 டிசம்பரில் மாநிலத்தின் பிற நகரங்களிலும், 2023 பிப்ரவரியில் பெங்களூருவிலும் இவை செயல்படத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பர் ஆகியோர் பணியில் இருப்பர். சிகிச்சை, மருந்து, அடிப்படைப் பரிசோதனை அனைத்தும் இலவசம்.

ஆயினும் காலை 9 முதல் மாலை 4.30 வரை என்றே இவற்றின் நேரம் வகுக்கப்பட்டது. கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ செல்வோர் ஊரில் இல்லாத நேரம் அது.

2018-இல் தொடங்கிய ஆரோக்ய கர்நாடகா காப்பீட்டில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. மருத்துவமனையில் சேரும் நிலை வந்தால் இது பெருந்துணை. அந்நிலை வராமல் காக்கும் அன்றாட மாத்திரைக்கு இத்தகைய காப்பீடு உதவுவதில்லை. மேலும், உரிய குடும்ப அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளர் இச்சலுகைக்கு வெளியே நிற்கின்றனர்.

தமிழ்நாடு வேறு வழியை நாடியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2024-இல் கர்நாடகமும் கோலார் மாவட்டத்தில் 'கிருஹ ஆரோக்ய' என்ற பெயரில், வீடு தேடிச் சென்று பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது.