இயந்திரம் வந்த வழி: கொழும்புத் துறைமுகமும் வடபுல வீதிகளும்

வரலாறு என்றதும் அரசர்களின் முடிசூட்டு விழாக்களும் போர்க்களங்களும் தேசாதிபதிகளின் கட்டளைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்களின் அன்றாட வாழ்வை இயக்கிய பொருள்கள் எவ்வழியாக வந்தன, எவருடைய கைகள் அவற்றை இறக்கின, எங்கே அவை தடைப்பட்டு நின்றன என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களை எழுப்புதற்கு மோட்டார் வாகன இயந்திரத்தை விடப் பொருத்தமான பொருள் வேறொன்று இருத்தல் அரிது. நான்கு உருளைகள் கொண்ட பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் ஒன்று நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையது. மூட்டையாகக் கட்டவோ ஒருவர் தோளில் சுமந்து செல்லவோ அது இடந்தராது. செல்லுமிடமெல்லாம் பாரந்தூக்கியையும் பலருடைய உழைப்பையும் அது வேண்டி நிற்கும். இலங்கை வீதிகளில் ஓடிய வாகனங்களின் எஞ்சின்கள் கடல் கடந்தே வந்தன. அவ்வாறு வந்தவை பெரும்பாலும் கொழும்பு என்னும் ஒரே வாயிலினூடாகவே நாட்டினுள் நுழைந்தன.

இவ்வாயிலிலிருந்து யாழ்ப்பாணம் வரை இயந்திரம் சென்ற வழியை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. வழி திறந்திருந்த காலத்தில் இயந்திரம் சென்றது. வழி அடைபட்ட காலத்தில் அதனைப் பேணும் கைத்திறன் வளர்ந்தது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலிலிருந்து கரைக்கு

கொழும்பில் வந்திறங்கிய பாரிய இயந்திரங்களுள் முற்பட்டவை புகையிரத இயந்திரங்களே. 1864 டிசெம்பர் 27 ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை நோக்கி முதற் புகையிரதம் ஓடியது. இங்கிலாந்திற் செய்யப்பட்ட அவ்வியந்திரங்கள் வந்தபொழுது கொழும்பில் இன்று நாம் காணும் துறைமுகம் இருக்கவில்லை. கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகளின் தாக்குதலுக்கு அவை முற்றாக ஆளாயின. அந்நாளில் தபாற் கப்பல்கள் காலித் துறையையே நாடின.

1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1875 டிசெம்பர் 8 ஆம் நாள், பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னராக விளங்கிய வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி எழுந்த அச்சுவர் 1885 அளவில் நிறைவுற்றது. காலியின் முதன்மை மறைந்தது. கொழும்பு கிழக்குக் கடற்பாதையின் பெருஞ்சந்தியாயிற்று. இலங்கையில் மோட்டார் வாகனம் அறிமுகமான இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறைமுகம் அதற்கு ஆயத்தமாகவே இருந்தது.

எனினும் சுவர் எழுந்தமையால் கப்பல் கரையோடு அணைந்து நின்றது எனக் கருதுதல் தவறு. ஆழமான கப்பற்றுறை இன்மையால் கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே நின்றன. சரக்குகள் கப்பலின் பாரந்தூக்கியால் பாரப்படகுகளில் இறக்கப்பட்டுக் கரைக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கு மீண்டும் தூக்கப்பட்டுச் சுங்கப் பண்டசாலையைச் சேர்ந்தன. ஒரு மரப்பெட்டி கப்பலின் அடித்தளத்திலிருந்து வீதிக்கு வருமுன் பல முறை தூக்கி இறக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து கொழும்பு வரையான பல ஆயிரம் மைல் கடற்பயணத்தைவிடத் துறைமுகத்தினுள்ளே கடந்த கடைசி அரை மைலே இயந்திரத்துக்குப் பேராபத்து விளைப்பதாயிருந்தது.

இதனாலேயே இயந்திரத்தைப் பொதி செய்தல் ஒரு தனிக்கலையாக வளர்ந்தது. எண்ணெயும் நீரும் முற்றாக வடிக்கப்படும். திறந்த துவாரங்கள் அடைக்கப்படும். உப்புக்காற்றினால் துருப்பிடியாதவாறு தீட்டிய பகுதிகளிலே கிறீஸ் பூசப்படும். இயந்திரத்தின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டு மெல்லிய தகட்டினால் ஆனது. அதன்மேல் முழுப்பாரமும் தங்குமாயின் நசுங்கிவிடும். ஆகவே வாகனத்திற் பொருத்தப்படும் அதே பிடிகளிலே மரச்சட்டங்களோடு பூட்டப்பட்டு, அதன் பின்னரே பலகை அடிக்கப்படும். எவ்விடத்திற் கயிறு பூட்டித் தூக்க வேண்டும் என்பதும் பெட்டியின்மேற் குறிக்கப்படும். அக்குறி ஆங்கிலத்தில் இருந்தது. தூக்கியவர்களுட் பலர் ஆங்கிலம் அறியாதோர். பெட்டி எப்பக்கம் சாயும் என்பதை அவர்களுடைய கைகளே அறிந்திருந்தன.

யார் அவர்கள்? சிங்களத் தொழிலாளரோடு தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் துறைமுகத்தில் உழைத்தனர். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி ஆகிய பகுதிகளின் ஒடுங்கிய ஒழுங்கைகள் துறைமுக உழைப்பாளரின் வாழ்விடங்களாயின. புறக்கோட்டையிற் பாரம் சுமப்போரை நாட்டாமைமார் என அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. 1927 இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபொழுது, கொழும்பின் வாணிபம் எவருடைய தோள்களிலே தங்கியிருந்தது என்பது வெளிப்பட்டது. ஆயினும் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. நாட்டின் பாரத்தைத் தூக்கியவர்களுக்கு அந்நாட்டில் உரிமை இல்லாது போயிற்று.

1954 இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் வருகையின்போது அவர் பெயரால் அமைந்த கப்பற்றுறை திறக்கப்பட்டது. கப்பல் கரையோடு அணைந்து நிற்கும் வாய்ப்பு அதன்பின்னரே விரிவடைந்தது. 1958 இல் சரக்கேற்றல் இறக்கல் தனியாரிடமிருந்து அரசின் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறிற்று.

கரையிலிருந்து வடக்கே

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிய பயணத்தின் முதுகெலும்பு இருப்புப் பாதையே. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 இலேயே புகையிரதம் ஓடலாயிற்று. ஆனால் கொழும்போடு முழு இணைப்பு ஏற்பட்டது 1905 இலேயாம். இடைப்பட்ட ஆண்டுகளில் வடபகுதிப் பாதை எஞ்சிய பாதையோடு ஒட்டாத ஒரு தீவாகவே கிடந்தது. இணைப்பு ஏற்பட்டதும், முன்னர் கடல்வழியாகவோ வண்டிப்பாதையிலோ சென்ற பாரமான பொருள்கள் புகையிரதப் பெட்டிகளில் ஏறின.

வடக்கிற்கு மற்றுமொரு வாயிலும் இருந்தது. 1914 மார்ச் 1 ஆம் நாள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. ஆனால் தனுஷ்கோடி வரை வந்த பாதை மீற்றர் அகலமுடையது. தலைமன்னாரிலிருந்து தொடங்கிய பாதையோ ஐந்தரை அடி அகலமுடையது. ஒரே பேரரசின் ஆட்சியிலிருந்த இரு கரைகளிலும் ஒரே வண்டி ஓட வழியிருக்கவில்லை. பாரமான சரக்கு ஒரு கரையில் இறக்கிக் கப்பலில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் ஏற்றப்பட்டது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த சேவையும் 1984 இல் நின்றுபோயிற்று. பாக்கு நீரிணை வழியாகப் பயணஞ் செய்த மக்களுக்கும் பொருள்களுக்கும் இருந்த வாயில் இவ்வாறு அடைபட்டது.

அடைபட்ட கதவுகள்

அரசியற் சுதந்திரத்தின் பின்னர் வந்த முதற் பத்தாண்டிலே ஒஸ்ரின், மொறிஸ் வகை வாகனங்கள் பெருந்தொகையாக இறங்கின. பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜிலும் ஒக்ஸ்போட்டின் கௌலியிலும் செய்யப்பட்டவை அவை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் யாழ்ப்பாணத்தின் வாடகை வண்டிகளாகவும் கல்யாண வண்டிகளாகவும் குடும்பச் சொத்தாகவும் நிலைபெற்றன.

1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. புதிய வாகனங்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1967 முதல் 1975 வரை சுயெஸ் கால்வாய் மூடிக் கிடந்தமையால், ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய பொருள்கள் ஆபிரிக்காவைச் சுற்றியே வந்தன. எங்கோ எகிப்தில் மூண்ட போர் நல்லூரிலுள்ள ஒரு வாடகைச் சாரதியின் பிழைப்பையும் பாதித்தது. உலகப் பொருளாதாரத்தோடு நாம் பிணைக்கப்பட்டிருந்த தன்மைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

புதிய எஞ்சின் வாராத நிலையிற் பழையதைப் புதிதாக்குதல் கட்டாயமாயிற்று. தேய்ந்த உருளைகள் கடைந்து அகலமாக்கப்பட்டுப் பெரிய பிஸ்டன்கள் பொருத்தப்பட்டன. அதற்கும் இடமில்லாதவிடத்து உட்குழல் செலுத்தி மீண்டும் பழைய அளவுக்குக் கொணரப்பட்டது. வளைதண்டு தீட்டப்பட்டது. கிடைக்காத பாகம் கடைசல் இயந்திரத்தில் ஆக்கப்பட்டது. கொழும்பிற் பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகங்களின் பெருஞ்சந்தையாக விளங்கிற்று. கழிக்கப்பட்ட பத்து வாகனங்களிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை உருவாக்கும் வித்தை அங்கே பயிலப்பட்டது. இவ்வித்தைக்குப் பட்டமும் பாடநூலும் இருக்கவில்லை. பாஸ் என்றழைக்கப்பட்ட வல்லுநரிடம் சிறுவனாகச் சேர்ந்து, சாவி எடுத்துக் கொடுத்துப் பழகிய ஒருவரே பின்னர் பாஸ் ஆனார்.

1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. ஜப்பானிய வாகனங்கள் வந்தன. 1979 இல் துறைமுக அதிகாரசபை நிறுவப்பட்டது. 1980 களிற் கொள்கலன் முனையமும் அமைந்தது. முன்னர் பலமுறை தூக்கி இறக்கப்பட்ட எஞ்சின், இப்பொழுது ஏற்றிய இடத்திற் பூட்டப்பட்ட இரும்புக் கொள்கலனுள்ளே கிடந்து, இறங்கும் இடத்திலேயே திறக்கப்படுவதாயிற்று. ஜப்பானிற் கழிக்கப்பட்ட வாகனங்களிலிருந்து எடுத்த எஞ்சின்கள் இங்கே இரண்டாம் வாழ்வு பெற்றன. பொருள் எளிதாக வந்தது. ஆனால் பாரந்தூக்கிய கைகளின் தேவை குறைந்தது.

போரும் மண்ணெண்ணெயும்

1983 ஜூலை வன்செயல்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. உயிர் தப்பியோர் லங்கா கல்யாணி முதலான கப்பல்களிலே காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். சரக்கு ஏற்றும் கப்பலில் மனிதர் சரக்கானமையை நம் வரலாறு மறத்தல் இயலாது.

1990 இல் வடக்கிற்கான புகையிரதம் நின்றது. பெற்றோலும் மின்கலங்களும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட பொருள்களாயின. கொம்படி - ஊரியான் வழியாகவும் கிளாலிக் கடனீரேரி வழியாகவும் மக்கள் உயிரைக் கையிற் பிடித்துப் பயணஞ் செய்தனர். இந்நிலையிற் குடாநாட்டு வீதிகளில் ஓடியவை நாற்பது ஆண்டு பழைமையான அந்த ஆங்கில வாகனங்களே.

அவை ஓடியமைக்குத் தக்க காரணமுண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து 1953 வரை பிரித்தானியாவில் விற்கப்பட்டது ஒரே தரத்திலான தாழ்ந்த பெற்றோலாகும். அக்கால எஞ்சின்கள் அத்தகைய எரிபொருளை ஏற்கும்வண்ணம் குறைந்த அமுக்க விகிதத்துடன் அமைக்கப்பட்டன. உயர்ந்த அமுக்கமுடைய புதிய எஞ்சின் மண்ணெண்ணெயிலே தட்டிக் கெடும், பழையதோ தாங்கிக்கொண்டது. சிறிதளவு பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை மிகுந்தது, ஆற்றல் குறைந்தது, எஞ்சின் விரைவிற் தேய்ந்தது. ஆயினும் நோயாளி ஆஸ்பத்திரியை அடைந்தார். மணமகள் மண்டபத்தை அடைந்தாள். பிரித்தானியரின் பங்கீட்டுக்கால வறுமைக்காக வகுக்கப்பட்ட இயந்திரம், யாழ்ப்பாணத்தின் முற்றுகைக்கால வறுமையைத் தாங்கிற்று. 1960 களின் தட்டுப்பாட்டிற் பயின்ற கைகள் அதனைப் பேணின.

முடிவாக

2002 இல் ஏ9 வீதி திறந்தது. 2006 இல் மீண்டும் அடைபட்டது. 2009 இன் பின்னரே நிலையாகத் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியிற் காங்கேசன்துறையையும் புகையிரதம் மீண்டும் அடைந்தது. மாலை வேளைகளில் வெள்ளவத்தைக் காலி வீதியிலே வடக்கு நோக்கிப் புறப்படும் பேருந்துகளில் பயணிகளோடு பொதிகளும் ஏறுகின்றன. வழி மீண்டதோடு பழைய கதை முடிந்தது எனச் சிலர் எண்ணக்கூடும்.

ஆனால் 2020 இல் அந்நியச் செலாவணி காரணமாக வாகன இறக்குமதி மீண்டும் இடைநிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருளுக்காக நாடு முழுவதும் நாட்கணக்கில் வரிசையில் நின்றது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கிற்று. அவ்விடைக்காலத்தில் தென்னிலங்கையும் பழைய எஞ்சினைத் திருத்தி ஓட்டுவதன் அருமையை உணர்ந்தது. வடக்கு மட்டும் அறிந்திருந்த பாடத்தை நாடனைத்தும் பயில நேர்ந்தது.

தட்டுப்பாட்டைப் போற்றுதல் நம் நோக்கமன்று. மண்ணெண்ணெயில் வண்டி ஓடியமை பெருமைக்குரியதெனினும், ஓட்ட நேர்ந்தமை அநீதியே. அந்த அநீதியை எழுதும் நாம் கைத்திறனை எழுத மறந்துவிடுகின்றோம். துறைமுகத்திற் பெட்டியின் சாய்வை அறிந்த கைகளும், பஞ்சிகாவத்தையில் உருளை கடைந்த கைகளும், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு எஞ்சினைப் பழக்கிய கைகளும் பெயரின்றி மறைந்து வருகின்றன. அவர்களுட் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டியவரின் பெயரும் நாளும் நமக்குத் தெரியும். அச்சுவரின் நிழலிற் பாரம் இறக்கியவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தல் வரலாறு பயிலும் நம் தலைமுறையின் கடமையாகும்.