நிறம் சொன்ன சாட்சி

சங்கரன்கோவிலில் நின்று பார்த்தால் திருநெல்வேலி, இராசபாளையம், புளியங்குடி எனப் பல திசைகளுக்கும் வண்டிகள் பிரிந்து செல்வதைக் காணலாம். தென்காசி, செங்கோட்டை கடந்தால் புளியரைச் சாவடி, அதற்கப்பால் கேரளம். இத்தகைய வழித்தட ஊர்களில் போலீசார் வண்டியை நிறுத்திச் சோதனையிடுவது புதிய காட்சியன்று. கஞ்சா நம் பிள்ளைகளைக் கெடுப்பது உண்மை. அதனை விற்போருக்காக வாதாடுவது நம் வேலையும் அன்று. ஆயினும் ஒரு பொட்டலத்தின் துளியை மருந்து நீரில் இட, நிறம் மாற, மறுநாட் காலைச் செய்தித்தாளில் ஓர் இளைஞனின் பெயரும் தகப்பனார் பெயரும் தெருவும் அச்சேறிவிடுகின்றன. ஆய்வுக்கூட அறிக்கையோ அப்பொழுது வந்திராது.

இந்த நிறச் சோதனையின் வரலாறு பழையது. இன்று எஸ்டோனியா நாட்டில் உள்ள தார்த்து நகரில் மார்க்கீஸ் என்னும் மருந்தியலார் 1896-இல் பார்மலினையும் கந்தக அமிலத்தையும் கலந்து ஒரு நீர்மம் கண்டார். அபினிலிருந்து எடுக்கும் மார்பீன் பட்டால் அது ஊதா நிறமாகும். ஆனால் தலைவலிக்கு நாம் விழுங்கும் ஆஸ்பிரின் பட்டாலும் அது செந்நிறம் காட்டும். சர்க்கரை பட்டால் பழுப்பாகும். இரவில், கைவிளக்கு வெளிச்சத்தில், ஊதாவையும் சிவப்பையும் பிரித்தறிவது எத்துணை எளிது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். 'இதுவாக இருக்கக்கூடும்' என்பதற்கு மேல் அந்த நீர்மம் எதையும் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதனை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர்களில் இருநூற்றுக்கு மேற்பட்டோரிடம் இருந்தது போதைப்பொருளே அன்று எனப் பின்னர் ஆய்வுக்கூடம் கண்டது. 2017-இல் அந்நகரப் போலீசார் சாலையோரச் சோதனையைக் கைவிட்டனர்.

நம் நீதிமன்றங்கள் இந்த எச்சரிக்கையை முன்னரே அறிந்திருந்தன. பம்பாயில் நடந்த ஒரு கார் விபத்து வழக்கில், ஓட்டியவரின் மூச்சில் மதுவாடை, தள்ளாட்டம், பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் இருந்ததாகச் சொல்லப்பட்டது. இரத்தச் சோதனை செய்யப்படாத நிலையில் அவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட இயலாது என 1971-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையானது. பூவும் காயும் கொண்ட நுனிகளே அதன்படி கஞ்சா. அவை சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. இந்த வேறுபாட்டை நிறம் மாறும் நீர் அறியாது. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவாகி, ஜாமீன் கிடைப்பதே அரிதாகிறது. எனவே ஆய்வறிக்கை தாமதமானால் அத்தனை நாளும் சிறைதான். தானா சிங் வழக்கில், விசாரணையே தொடங்காமல் ஒருவர் 12 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். ஆய்வுக்கூடங்களின் தாமதத்தை 2013-இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கிலேதான் கண்டித்தது. அத்தனை ஆண்டுகளும் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்ததோ!

அறிக்கை வருமுன்னரே பேசிவிடுவதைப் பற்றியும் சட்டம் மௌனமாக இல்லை. பிடிபட்டோரை ஊடகத்தார் முன் நிறுத்தலாகாது என்று மத்திய உள்துறை 2010 ஏப்ரலில் அறிவுறுத்தியது. போலீசார் செய்தி வெளியிடுவதற்கு விரிவான நெறிமுறை வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஆணை தேவைப்பட்டது என்பதே போதிய சான்று.

போலீசாரின் கூற்று நீதிமன்றத்தில் எப்படி நிற்கிறது என்பதற்குச் சென்னை வழக்கொன்றைச் சொல்லலாம். 2020 நவம்பரில் 22 கிலோ கஞ்சாவுடன் இருவர் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. 2023 ஜூலையில் விசாரணை முடிவுக்கு வந்தபோது, நீதிமன்றத்தில் காட்ட 50 கிராமும், ஆய்வுக்கு அனுப்பிய 50 கிராமும் தவிர மற்றதை எலிகள் தின்றுவிட்டன என்று போலீசார் கூறினர். பிடிபட்ட பொருளே இல்லாமையால் இருவரும் விடுதலையாயினர். அவ்விடுதலை நாடெங்கும் செய்தியாயிற்று. எலிகள் மட்டும் இல்லாதிருந்தால் ஒரு வரியேனும் அச்சேறியிருக்குமா என்பது ஐயமே.