எழுவான்கரை உணவும் நீரிழிவும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த எழுவான்கரை ஊர் களுதாவளை. பிள்ளையார் கோயிலாற் புகழ்பெற்ற இவ்வூரின் மணற்றரையில் வெற்றிலையும் மிளகாயும் கத்தரியும் கீரையும் செழிக்கின்றன. பரந்த நெல்வயல்களோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில் உள்ளன. ஒரு கரையிற் சோறும் மறுகரையிற் கறியும் விளைகின்றன எனலாம். நீரிழிவின் வரலாறும் இவ்விரண்டின் அளவைப் பற்றியதே.

நோய் புதியதன்று. சிறுநீர் தேன்போல் இனிப்பதைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. பிறவியில் வருவது, தகாத உணவால் வருவது என இருவகையாகவும் அதனைப் பிரிக்கின்றது. 1870இல் பாரிசு நகர் முற்றுகையிடப்பட்டு உணவு அருகியபோது, நோயாளரின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை மருத்துவர் பூசார்டா கண்டார். அக்காட்சி தந்த பாடம் பின்னர் கொடிய எல்லைக்குச் சென்றது. அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் அலன் பட்டினியையே மருத்துவமாக்கினார். சிறுவர் எலும்புந் தோலுமாகிச் சிலகாலம் உயிர்தாங்கினர். 1921இல் தொரன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது.

இலங்கைக்கும் தட்டுப்பாடு வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டின் குறையைக் கோதுமை மா நிரப்பிற்று. போர் முடிந்தும் பாண் நீங்கவில்லை. உரலும் உலக்கையும் ஒதுங்கின. தவிடு நீங்கத் தீட்டிய அரிசி கலத்தில் ஏறியது. 1980இல் திருகோணமலையிலேயே பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது.

2005–2006இல் நடந்த ஆய்வொன்று, வளர்ந்தோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. ஆனால் அது ஏழு மாகாணங்களின் கணக்கு. போர் நிகழ்ந்த வடக்கும் கிழக்கும் அதிற் சேரவில்லை. எழுவான்கரை மக்கள் எண்ணப்படாமலே நோயைச் சுமந்தனர்.

உணவு எவ்வளவு விரைவிற் குருதியிற் சர்க்கரையை ஏற்றுகின்றது என்பதை அளக்கும் முறையை 1981இல் சென்கின்சு என்பாரும் குழுவினரும் வெளியிட்டனர், அதுவும் தொரன்ரோவிலேயே. புழுங்கலரிசிச் சோறு பெரும்பாலும் பச்சரிசிச் சோற்றினும் மெதுவாக ஏற்றும். குரக்கனைப் பற்றிய நம்பிக்கை சற்று மிகையானது: நுண்மாவாக்கிக் கூழாகக் காய்ச்சினால் அதுவும் விரைந்தே சர்க்கரையாகும். சோற்றைக் குறைத்துக் கீரையும் காயும் வாவி மீனும் கூட்டுவதே பயன்தரும். அவை யாவும் இவ்வூரிற் கிடைப்பவை.

விரதம் வேறு செய்தி. பிள்ளையார்கதைக் காலத்து இருபத்தொரு நாளும் இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர் வழக்கமான அளவையே கொண்டு பட்டினி கிடந்தால், குருதிச் சர்க்கரை மிகத் தாழ்ந்து, வியர்த்து, கைநடுங்கி, அறிவும் மயங்கக்கூடும். அந்நேரத்திற் சீனி கரைத்த நீரே மருந்து. மருந்தின் அளவை விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.